மாடித் தோட்டம்: சிறிய இடத்தில் காய்கறியும் மூலிகையும்

மாடித் தோட்டம் என்பது மொட்டை மாடி, பால்கனி, வாசல் திண்ணை போன்ற சிறிய இடங்களில் பைகளிலும் தொட்டிகளிலும் வீட்டுத் தேவைக்கான கீரை, காய்கறி, மூலிகைகளை வளர்க்கும் முறை. கொல்லைப்புறத்தில் அவரைப் பந்தலும் கறிவேப்பிலை மரமும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் போன நகர வீடுகளில் இம்முறை பரவியது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14 முதல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் ஆகியவை அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கத் தொடங்கியதும், ‘மாடித் தோட்டம்’ என்பது வீடுகளில் புழங்கும் பெயராயிற்று.

சிறிய தோட்டத்தின் வெற்றியை இடத்தின் அளவைவிடத் திட்டமே முடிவு செய்கிறது. எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, தளம் எவ்வளவு எடை தாங்கும், சமையலறை அன்றாடம் எதைக் கேட்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே பை வாங்க வேண்டும்.

எதை எதிர்பார்க்கலாம்

ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இது 1.6 கிலோ. நூறு சதுர அடி மாடியில் அவ்வளவையும் விளைவிக்க இயலாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடையிலிருந்துதான் வரும். ஆனால் கீரை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் ஆகியவற்றில் பெரும்பகுதியை அதே நூறு சதுர அடி கொடுத்துவிடும். சீக்கிரம் வாடுபவையும், பறித்த உடனே சமைத்தால் மணமும் சத்தும் மிகுபவையும் இவைதாம். ஆகவே சிறிய இடத்தில் முதல் உரிமை கீரைக்கும் வாசனைச் செடிகளுக்கும். அடுத்தது கத்தரி, தக்காளி, வெண்டைக்கு. எஞ்சிய இடம் கொடிகளுக்கு.

வெயில்

காய் பிடிக்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைகளுக்கு நான்கு மணி நேரம் போதும். புதினா, வல்லாரை, கற்பூரவள்ளி ஆகியவை மூன்று மணி நேர வெயிலிலும் தழைக்கும்.

வெயில் விழும் இடம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. சென்னையில் சித்திரைப் பாதியிலிருந்து ஆடி முடியும் வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலோ சற்று வடக்கிலோ இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். மார்கழி நண்பகலில் மூன்றடி உயரக் கைப்பிடிச் சுவரின் நிழல் ஏறத்தாழ இரண்டே கால் அடி வடக்கே விழுகிறது. தெற்குச் சுவரை ஒட்டித் தக்காளி வைத்தவர்கள் ஆடியில் நன்றாக வளர்ந்த செடி மார்கழியில் பூக்காமல் நிற்பதைக் காண்பது இதனால்தான். அந்த வரிசை கீரைக்கு உரியது. கொடிப் பந்தல் வடக்கு ஓரத்தில் அமைந்தால் ஆண்டின் பெரும்பகுதியில் மற்றச் செடிகளின் மேல் நிழல் விழாது. பால்கனியானால் கிழக்கு நோக்கியது மூலிகைக்கும் கீரைக்கும் மிகவும் ஏற்றது. வடக்கு நோக்கிய பால்கனிக்குக் கோடையில் மட்டுமே நேரடி வெயில் வரும் என்பதால் அங்கே காய்கறியைத் தவிர்ப்பது நல்லது.

எடையும் தளமும்

ஆள் ஏறிப் புழங்கும் தட்டையான கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமை என்பது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875) வகுத்த கணக்கு. நடமாடும் ஆட்களின் எடையும் இதில் அடங்கும். ஈரமான தோட்ட மண் லிட்டருக்கு 1.8 கிலோ வரை எடை இருக்கும். 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் முக்கால் அளவுக்கு வெறும் மண் நிரப்பினால் ஏறக்குறைய 60 கிலோ ஆகிவிடும். நார்க்கழிவு சேர்த்த கலவையானால் அதே பை 40 கிலோவுக்குள் அடங்கும். மாடிக்கு வெறும் மண் கூடாது என்பதன் காரணம் இதுவே.

பெரிய பைகளையும் பீப்பாய்களையும் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக வைக்க வேண்டும். மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையானால், பொறியாளரிடம் கேட்காமல் எதையும் ஏற்றக் கூடாது. எந்தப் பையும் தரையில் நேரடியாக உட்கார வேண்டாம். இரும்பு ஸ்டாண்டு அல்லது இரண்டு செங்கல் மேல் வைத்தால் வடியும் நீர் ஓடிவிடும். தட்டோட்டின் இடுக்குகளில் ஈரம் தங்காது. அடியில் பெருக்கவும் முடியும்.

பைகளும் கலவையும்

கீரைக்கு ஆழம் தேவையில்லை. 9 அங்குல உயரமும் 18 அங்குல அகலமும் உள்ள பை போதும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டைக்கு 12 அங்குலப் பை. புடலை, பீர்க்கன், சுரைக்கு 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கறிவேப்பிலைக்கும், பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கைக்கும் பாதியாக அறுத்த பீப்பாய் ஏற்றது.

எளிய கலவை: நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மட்கிய எரு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. இத்துடன் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், சிறிதளவு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடியும் சேர்க்கலாம். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து உதிர்த்த பின், காப்பி நிறத்தில் வரும் நீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் நாற்றின் வேரைக் கருக்கிவிடும். கலவையை ஈரமாக வைத்து ஏழிலிருந்து பத்து நாள் கழித்தே விதைக்க வேண்டும். பச்சைச் சாணமோ மட்காத எருவோ பைக்குள் சூடேறிச் செடியைக் கொன்றுவிடும்.

பருவமும் ரகமும்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி மாடிக்கும் பொருந்தும். ஆடியில் விதைத்த கத்தரி, வெண்டை, அவரை, புடலை ஆகியவை வடகிழக்குப் பருவமழை தீவிரமாகும் முன் வேரூன்றிவிடும். முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர் போன்ற குளிர்ப் பயிர்களைச் சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க வேண்டும். தைப்பட்டம் தக்காளிக்கும் மிளகாய்க்கும் கொத்தவரைக்கும் நல்லது. கத்திரி வெயிலில் புதிதாக எதையும் தொடங்காமல், 50 சதவீத நிழல்வலையின் கீழ் இருப்பதைக் காப்பாற்றுவதே அறிவு.

தக்காளியில் பி.கே.எம். 1 நன்கு பழகிய ரகம். இலைச்சுருட்டு நோய் ஓயாமல் தாக்கும் இடங்களில், பெங்களூருவிலுள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் கைகொடுக்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகம் என்பதால் அதன் விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைத்துப் பயனில்லை. வெண்டையில் அதே நிறுவனத்தின் அர்கா அனாமிகா நரம்பு வெளிறல் நோயைத் தாங்குவதற்காக உருவானது. நாட்டு ரகங்களின் விதையைப் பகிர்ந்துகொள்வோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்டு வாங்கி, முற்றவிட்டு, நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டிச் சேமித்தால் விதைச் செலவே இராது.

பத்துக்குப் பத்து அடி மாடிக்கு ஒரு மாதிரித் திட்டம்

- வடக்கு ஓரம்: 15 அங்குலப் பைகள் மூன்று. ஆடியில் புடலை, பீர்க்கன், அவரை. பந்தல் அல்லது வலை மேல் ஏற்றலாம்.
- நடுவில் இரண்டு வரிசை: 12 அங்குலப் பைகள் பன்னிரண்டு. கத்தரி 3, தக்காளி 3, மிளகாய் 2, வெண்டை 4. வெண்டைப் பை ஒன்றுக்கு இரண்டு செடி. எட்டுச் செடியாவது இருந்தால்தான் ஒரு பொரியலுக்குக் காய் சேரும்.
- தெற்கு வரிசை: கீரைப் பைகள் நான்கு.
- சுவரோர நிழலில் சிறு தொட்டிகள் நான்கு: புதினா, கற்பூரவள்ளி, வல்லாரை, துளசி.
- வரிசைகளுக்கிடையே ஒன்றரை முதல் இரண்டு அடி நடைவழி.

இவை அனைத்தும் நனைந்த நிலையில் சுமார் 550 கிலோ; சதுர மீட்டருக்கு 60 கிலோவை ஒட்டியே வரும்.

நான்கு கீரைப் பைகளில் ஒரே நாளில் விதைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்றாக விதைத்தால், நான்காவது பை முளைக்கும்போது முதல் பை அறுவடைக்கு வரும். முளைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை ஆகியவை 20 முதல் 25 நாளில் பிடுங்கத் தயாராகும். அரைக்கீரையையும் பாலக்கையும் வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் பல மாதம் தழைக்கும். கீரை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாகக் கலவை தூவிப் பூவாளியால் தெளித்தால் ஓரிடத்தில் குவியாமல் முளைக்கும்.

மூலிகைகள்

கொத்தமல்லிக்குச் சமையலறையிலுள்ள மல்லி விதையே போதும். செருப்பாலோ பலகையாலோ லேசாக அழுத்தி இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலாகும், பொறுமை வேண்டும். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலும் பொன்னாங்கண்ணிக் கட்டிலும் இலையை ஆய்ந்துகொண்டு, முற்றிய தண்டுகளை நட்டால் ஒரு வாரத்தில் துளிர்க்கும். புதினா வேர் ஓடி மற்றதை நெருக்கிவிடும் என்பதால் தனித் தொட்டியே அதற்கு ஏற்றது. சளி, இருமலுக்கு வீடுகளில் கைவைத்தியமாகப் புழங்கும் கற்பூரவள்ளி, தூதுவளை, துளசி, ரசத்துக்கும் தோசைக்கும் உதவும் முடக்கத்தான், துவையலுக்கான பிரண்டை ஆகியவை கவனிப்பு அதிகம் கேட்காதவை. கற்றாழைக்கும் பிரண்டைக்கும் நீர் குறைவாகவே போதும். நாள்தோறும் ஊற்றினால் அழுகிவிடும்.

நீரும் உரமும்

பழுத்த இலையைக் கண்டதும் நீர் ஊற்றுவது பொதுவான பழக்கம். ஆனால் நீர் மிகுந்தாலும் இலை பழுக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டினால் அன்று நீர் தேவையில்லை. 12 அங்குலப் பைக்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டர், கோடையில் காலையும் மாலையுமாக இரண்டு லிட்டர் என்பது ஏறத்தாழ சரியாக இருக்கும். அரிசி கழுவிய நீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் நல்லவை. ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் செடிக்கு ஆகாது. பைக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துக் காயவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு அந்தத் தேங்கிய நீரில்தான் பெருகும்.

நீர் ஊற்ற ஊற்றச் சத்து கரைந்து வெளியேறும் என்பதால் பைச் செடிக்கு அடிக்கடி உணவு வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். இடையில் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. பூக்கும் பருவத்தில் மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றலாம். காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் துளையிட்ட பானையில் மாறி மாறி அடுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் வீட்டிலேயே உரம் கிடைக்கும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகு சேர்த்தால் சரியாகும்.

பூச்சியும் பூவும்

இலையின் அடிப்பக்கத்தைக் காலையில் திருப்பிப் பார்ப்பதே சிறந்த பயிர்ப் பாதுகாப்பு. அசுவினியும் மாவுப்பூச்சியும் குவியும் முதல் வாரத்திலேயே, நீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம். மீறினால் லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி உதவும். கத்தரியின் நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி அழிக்க வேண்டும்.

கொடிகளில் பூ பூத்தும் பிஞ்சு பழுத்து உதிர்ந்தால், பெரும்பாலும் காரணம் மகரந்தச் சேர்க்கை நடக்காததே. உயரமான மாடிகளுக்குத் தேனீ குறைவாகவே வரும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். பூசணிக்கும் பாகலுக்கும் இதைக் காலையில் செய்ய வேண்டும். சுரை, பீர்க்கன், புடலை மாலையில் மலர்பவை. அவற்றைக் காலையில் தேடினால் வாடிய பூதான் கிடைக்கும்.

பட்டம் மாறும்போது

ஒரு பட்டம் முடிந்த பையின் கலவையைக் கொட்டிவிடத் தேவையில்லை. பழைய வேரை நீக்கி, வெயிலில் சில நாள் பரப்பி உலர்த்தி, கால் பங்கு புதிய மண்புழு உரம் சேர்த்து மீண்டும் நிரப்பலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த பையில் அடுத்து மற்றொன்றை நடாமல், கொத்தவரையோ காராமணியோ கீரையோ விதைத்தால் நோய்க் கிருமி தொடராது. எந்தப் பையில் எந்தப் பட்டத்தில் என்ன இருந்தது, எது நன்றாகக் காய்த்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். மாடிக்கு மாடி வெயிலும் காற்றும் நீரும் வேறுபடுவதால், பொதுவான கையேடு சொல்ல முடியாததை அந்த நோட்டுதான் சொல்லும். புதிதாகத் தொடங்குவோர் நான்கு கீரைப் பை, ஒரு புதினாத் தொட்டி, இரண்டு மிளகாய்ச் செடியோடு ஒரு பட்டம் பழகிவிட்டு, அடுத்த ஆடியில் பைகளைக் கூட்டிக்கொள்வது நல்லது.