காவிரிப் படுகையில் கரிசலாங்கண்ணி

கரிசலாங்கண்ணி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பூண்டு. கையாந்தகரை, கரிசாலை என்றும் சொல்வார்கள். தஞ்சைப் பகுதியில் அதை விதைத்து வளர்க்க வேண்டிய தேவை நெடுங்காலம் இருந்ததில்லை. வரப்பு, வாய்க்கால் ஓரம், நடவு வயல் என்று ஈரம் நின்ற இடமெல்லாம் தானாக முளைத்தது. மண்ணில் படிந்த கணுவெல்லாம் வேர்விட்டது. குறுவையிலும் சம்பாவிலும் நெல்லுக்கு அது களைதான். ஆனால் ஆரைக்கீரையைப் போலவே, பிடுங்கியவர் கையோடு சமையலுக்குப் போன களை.

கண்ணுக்கு மை கூட்டியதும் இதைக் கொண்டே. இலைச்சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்துவார்கள். அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து, மீண்டும் சிறிது விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். கூந்தல் தைலத்துக்கும் இதே சாறுதான். சித்த மருத்துவத்தில் இது இரும்புடன் சேர்ந்து அயபிருங்கராஜ கற்பமாகிச் சோகைக்கு மருந்தானது. சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) தஞ்சையில் நிறுவிய தன்வந்திரி மகால், இத்தகைய மூலிகை வைத்தியத்தை அரண்மனையின் ஆதரவில் வளர்த்தது. அங்குக் கையாண்ட முறைகள் தமிழ்ப் பாட்டாக்கப்பட்டுச் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டன.

இப்பகுதிச் செடிகளை அறிவியல் முறையில் இனங்காணும் வேலை காவிரி டெல்டாவின் கடற்கரையில் தொடங்கியது. டேனியர் 1620 முதல் இருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த கோனிக், தாவரவியலாளர் லின்னேயசின் மாணவர். 1776இல் வந்த ராட்லர் பிற்காலத்தில் தமிழ் அகராதியும் தொகுத்தார். இவர்கள் சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லின்னேயஸ் 1753இல் கரிசலாங்கண்ணியை இரண்டு தனி இனங்களாக வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். 1771இல் எக்லிப்டா என்ற பேரினத்தை உருவாக்கினார். இரண்டும் ஒரே இனம் என்பது பிறகு தெளிவானது. எக்லிப்டா ஆல்பா, எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா என்று இன்றும் நூல்களில் இரு பெயர்கள் வழங்குவது அதனால்தான்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், 1867இல் வடலூரில் தருமசாலை கண்டவர். அன்றாடம் உண்ண வேண்டியவற்றில் அவர் கரிசலாங்கண்ணிக்கு முதலிடம் கொடுத்தார். மருந்தாக இருந்த கீரைக்கு மதிப்பும் பரவலும் கிடைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இதுவரை சொன்ன கரிசலாங்கண்ணி வெள்ளைப் பூப் பூப்பது. பெயர்க் குழப்பம் மஞ்சள் பூவில் தொடங்குகிறது. பொற்றலைக் கையாந்தகரை எனப்படும் மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு பேரினம், தாவரவியலில் நெடுங்காலம் வெடெலியா எனப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் 1956இல் அதிலிருந்து கிடைத்த வெடெலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்தனர். அந்தப் பொருள் வெள்ளைப் பூச் செடியிலும் இருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே பெயரில் அழைத்த பழைய வைத்தியர்கள் பெரிதாகத் தவறிவிடவில்லை. தவறு இப்போதுதான் நடக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மூன்று மடல் இலைப் படர்கொடியும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று விற்கப்படுகிறது.

பார்த்தே பிரித்தறியலாம். வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் இலைகள் எதிரெதிராக, காம்பின்றி, ஈட்டி வடிவில், இருபுறமும் சொரசொரப்பாக இருக்கும். பூ சிறு பொத்தான் அளவு. தண்டைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுக்கும். அயல்நாட்டுக் கொடியின் இலை பளபளப்பானது, பெரும்பாலும் மூன்று மடல் கொண்டது, பூவும் பெரியது.

களைக்கொல்லி பரவிய வயல்களில் இலவசக் கீரை குறைந்துவிட்டது. இன்று வேண்டுவோர் தொட்டியிலேயே வளர்க்கலாம். கணுவுள்ள தண்டை ஈரமண்ணில் ஊன்றினால் போதும், விதையிலும் வரும். காயவிடாமல் நீர் ஊற்றி, பூக்கத் தொடங்கியதும் அறுக்கலாம். சாக்கடை ஓரத்தில் முளைத்ததைப் பறிக்க வேண்டாம். நாற்று வாங்கும்போது விற்பவர் சொல்லும் பெயரை மட்டும் நம்பாமல், இலையைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.