கீழ்த்தாடை என்பும் கேலனின் அதிகாரமும்

வளர்ந்த மனிதனின் வன்கூடு பொதுவாக 206 என்புகளால் ஆனது. உடலைத் தாங்குதல், மூளை, இதயம் முதலிய உறுப்புகளைக் காத்தல், தசைகளுக்குப் பற்றிடமாகி அசைவுக்கு உதவுதல், என்பு மச்சையில் குருதிக் கலங்களை ஆக்குதல், கல்சியத்தைச் சேமித்தல் என்பன அதன் தொழில்களாகும். இவ்வன்கூட்டின் அமைப்புப் பற்றிய அறிவு, பேராசான் ஒருவரின் சொல்லுக்கும் கண் கண்ட சான்றுக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட போராட்டத்தின் ஊடாகவே செம்மை பெற்றது. கீழ்த்தாடை என்பின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கி. பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மனித உடலை அறுத்தாராயும் வழக்கம் இல்லாத உரோமில் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளையே ஆராய்ந்தார். மனித என்புகளைக் காண விரும்புவோர் அலெக்சாந்திரியாவுக்குச் செல்லுமாறு அவர் அறிவுறுத்தியமை, நேர்காட்சியின் மதிப்பை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும். எனினும், கீழ்த்தாடை இரண்டு என்புகளாலும் மார்புப்பட்டை ஏழு துண்டுகளாலும் ஆனவை என்று அவர் எழுதினார். நாய், பசு முதலியவற்றில் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முற்றாக இணைவதில்லை. மனிதக் குழந்தையிலோ அவை பிறந்து ஓராண்டளவில் ஒன்றாகிவிடுகின்றன.

எகிப்தில் 1200 முதல் 1202 வரை கொடும் பஞ்சம் நிலவியது. அப்போது அங்கிருந்த பக்தாத் நகரத்து மருத்துவர் அப்துல் லத்தீப், மாண்டோரின் என்புகள் குவிந்து கிடந்த இடத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்து, கீழ்த்தாடை பொருத்து எதுவுமற்ற ஒரே என்பு எனக் கண்டார். கேலனின் சொல்லினும் புலன்களின் சான்றே வலிது என்பது அவர் முடிபு. ஆயின் அவரது நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது 1810இலேயே ஆகும்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் உயர்ந்த இருக்கையிலிருந்து நூலை வாசிக்க, கீழே வேறொருவர் உடலை அறுப்பதே வழக்கமாயிருந்தது. நூலும் கண்ணும் இவ்வாறு பிரிந்து நின்றமையே பிழை நிலைத்தமைக்குப் பெருங்காரணம் எனலாம். 1537இல் பதுவாவில் ஆசிரியப் பொறுப்பேற்ற வெசாலியசு, இருக்கையை விட்டிறங்கித் தாமே அறுத்துக் கற்பித்தார். 1543இல் பாசல் நகரில் அச்சேறிய அவரது பெருநூலின் முதற்பகுதி என்புகளையும் கசியிழையங்களையும் பற்றியது. கீழ்த்தாடை ஒரே என்பு எனவும் மார்புப்பட்டை மூன்று பகுதிகளைக் கொண்டது எனவும் அது நிறுவியது. அவ்வாண்டில் அவர் பாசலில் கோத்தமைத்த வன்கூடு இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பாரிசில் அவருக்குக் கற்பித்த சில்வியசு இதனைக் கடுமையாக எதிர்த்தார். கேலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பின் மனித உடலே மாறிவிட்டது என்பது அவரது வாதம். நூலைக் காப்பதற்காக உடலையே மாற்றத் துணிந்த நிலை இது.

கேலனின் சொற்களைப் பேணியோர் அவரது ஆராயும் நெறியைக் கைவிட்டனர். அவரை மறுத்த வெசாலியசோ அந்நெறியையே பின்பற்றினார். ஆசானுக்கு மாணாக்கன் செய்யும் உண்மையான மரியாதை எது என்ற வினாவுக்கு இவ்வொரு சிறு என்பின் வரலாறு விடை பகர்கின்றது.