தவளைத் தோலில் ஊறும் வலி நிவாரணி

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் விரிந்து கிடக்கும் கிரான் சாக்கோ என்னும் வறண்ட காட்டுப் பகுதியில் ஒரு மரத்தவளை வாழ்கிறது. ஃபில்லோமெடூசா சவாகி என்பது அதன் அறிவியல் பெயர். வெயிலில் உடல் வற்றிவிடாமல் இருக்க, தோலில் சுரக்கும் மெழுகைத் தன் கால்களாலேயே உடம்பெங்கும் பூசிக்கொள்ளும். இதன் தோலிலிருந்துதான் இத்தாலிய மருந்தியல் அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமரும் அவருடன் பணியாற்றியவர்களும் டெர்மார்ஃபின் என்ற பொருளைக் கண்டறிந்து 1981இல் வெளியிட்டார்கள். ஏழே ஏழு அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. ஆய்வுக்கூட விலங்குகளில் சோதித்தபோது, வலியை அடக்குவதில் மார்ஃபினைவிட ஏறத்தாழ 30 முதல் 40 மடங்கு வீரியம் தெரிந்தது.

அபினின் வேலையைச் செய்யும் பொருள் நம் உடலிலும் ஊறுகிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் கண்டறிந்த என்கெஃபலின்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் நொதிகள் அவற்றை விரைவில் வெட்டிவிடுவதால் அவை நெடுநேரம் நிற்பதில்லை. தவளையின் சங்கிலி மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

அமினோ அமிலங்களுக்கு வலக்கை, இடக்கை போன்ற இரு வடிவங்கள் உண்டு. உயிரினங்களின் புரதங்களில் இருப்பது பெரும்பாலும் இடக்கை வடிவமே. டெர்மார்ஃபினில் இரண்டாவதாக நிற்கும் அலனின் மட்டும் வலக்கை வடிவம். அதனால் நொதியின் கத்தி அங்கே எளிதில் விழுவதில்லை. அதை மாற்றி வழக்கமான அலனினை வைத்தால் வீரியம் அநேகமாக மறைந்துவிடுகிறது. மரபணுவில் எழுதியிருப்பதோ வழக்கமான அலனின்தான். சங்கிலி உருவான பிறகே அந்த ஓர் இடம் திருப்பப்படுகிறது என்பது 1987இல் தெரியவந்தது. படைத்தவனின் நுட்பத்தை எண்ணி வியக்க இந்த ஒன்று போதும்.

மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி ஒரு மருத்துவர் கேட்டபோது, அதைக் கொல்ல வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. தொடக்க ஆய்வுகள் தவளைத் தோல்களைக் கொண்டே நடந்தன. சங்கிலியின் வரிசை தெரிந்துவிட்டதால் இன்று அதை ஆய்வுக்கூடத்திலேயே கோத்துவிடலாம், தவளை தேவையில்லை.

பிறகு ஏன் இது மருந்துக்கடைக்கு வரவில்லை? வாய்வழியே கொடுத்தால் பெரும்பகுதி குடலில் சிதைந்துவிடும். அதைவிடப் பெரிய தடை, மார்ஃபின் பற்றும் அதே ஏற்பியையே இதுவும் பற்றுகிறது என்பது. மூச்சு மந்தமாவது, மருந்துக்கு உடல் பழகிப்போவது போன்ற ஆபத்துகள் வீரியத்தோடு சேர்ந்தே வருகின்றன. குறுக்குவழி தேடியவர்கள் விடவில்லை. 2012இல் அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளின் உடலில் டெர்மார்ஃபின் பிடிபட்டது. வலி தெரியாமல் ஓடும் குதிரை காயத்தோடும் ஓடும்.

இதே இனவழியில் வந்த ஃபில்லோமெடூசா பைகலர் என்னும் அமேசான் தவளையின் சுரப்புதான் ‘கம்போ’. பெரு–பிரேசில் எல்லையில் வாழும் மட்செஸ் மக்கள், தோலில் சிறு தீப்புண் வைத்து அதில் இதைத் தடவுவார்கள். கடும் வாந்தியும் படபடப்பும் கண்டபின் வேட்டைக்கு வலிமை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. சுரப்பை எடுத்ததும் தவளையை உயிரோடு விட்டுவிடுவார்கள். அந்த வாந்தி ‘நச்சு வெளியேறுவது’ அல்ல. சுரப்பிலுள்ள வேறு பெப்டைடுகள் குடலையும் இரத்தக் குழாய்களையும் தாக்குவதன் விளைவு. இப்போது நகரங்களில் இதை ‘உடல் சுத்திகரிப்பு’ என்று விற்கிறார்கள். சடங்கின்போது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு கண்டவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. பிரேசில் 2004இல் இதன் விளம்பரத்தைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியா 2021இல் இதைத் தடைசெய்யப்பட்ட பொருளாக்கியது.