அப்பாவின் பெட்டியும் மஞ்சள் கேள்விக்குறியும்

மும்பைக்கு மாற்றலாகி வந்தபோது, அப்பாவின் பழைய விண்டோஸ் 98 கணினியும் லாரியில் ஏறி வந்தது. அவர் பல வருடம் எழுதிய வீட்டுக் கணக்கு அதற்குள் இருக்கிறது. போன மாதம்தான் வெளியே எடுக்க உட்கார்ந்தேன்.

பென் டிரைவ் செருகினால் டிரைவர் கேட்கிறது. (எல்லா பென் டிரைவுக்கும் பொதுவான டிரைவர், 2000-இல் வந்த விண்டோஸ் எம்.ஈ.யில்தான் சேர்ந்தது.) சரி என்று லாமிங்டன் ரோடில் பழைய லேன் கார்டு வாங்கிப் போட்டேன். மஞ்சள் கேள்விக்குறி! டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்.

கார்டில் பெயர் அழிந்திருந்தது. ஆனால் எண் இருக்குமே. 1992-இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ முறையில், தயாரித்தவர் யார், சரக்கு எது என்று இரண்டு எண்கள் கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். அதற்கு முன்பெல்லாம் பல கார்டுகளில் ஜம்பரைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். எங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால் கிளை எண், கணக்கு எண் மாதிரி. இன்டெல் தனக்கு வைத்துக்கொண்டது 8086, அதாவது 1978-இல் வந்த சொந்தச் சிப்பின் பெயர். குசும்பைப் பாருங்கள்!

ரிஜிஸ்ட்ரியைத் திறந்தேன்: 10ஈசி, 8139. ரியல்டெக் சரக்கு.

எண் தெரிந்தாலும் பழைய டிரைவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்டெலே 2019 நவம்பரில் பழையவை பலவற்றைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றிவைத்த டிரைவர் சிடி எனக்குக் கிடைத்தது. எழுதிப் போட்டேன், கேள்விக்குறி போயிற்று.

கோப்பு திறந்ததும் கண்ணில் பட்ட வரி: என் பாங்க் பரீட்சைக்கு அப்பா கட்டிய பணம். எனக்கு மறந்தே போயிருந்தது.