தராசு யார் கையில்?

பொகவந்தலாவையிலிருந்து மலையைக் கடந்து தெற்கே இறங்கும் பாதை பலாங்கொடையைச் சென்றடைகிறது. அப்பக்கத்து ஓடைச் சரளையில் மாணிக்கக் கற்களோடு கனத்த கறுப்புக் கற்களும் கிடைத்தன. 1904-இல், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி அக்கல்லை அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பெரும்பகுதி தோரியமே என இலண்டனில் ஆராய்ந்து கண்டு, டன்ஸ்டன் அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டார். மறு ஆண்டு, அங்கே ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஒட்டோ ஹான் அதே கல்லிலிருந்து ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். அறிஞர் பெயர்களை வரலாறு போற்றுகிறது. சரளை அரித்த கூலியாளை அது அறியாது.

அதே 1904-இல், கனடாவின் ரொறன்ரோ நகரில் பேர்ட்டன் என்பவர் பூமியிலிருந்து எடுத்த பெற்றோலிய எண்ணெயில் கதிரியக்க வாயு இருப்பதை அளந்து வெளியிட்டார். ஆழத்துப் பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் எளிதில் கரைவதில்லை. அவற்றின் வழித்தோன்றலான ரேடியமோ உப்புநீரில் கரைந்து எண்ணெயோடு மேலே வருகிறது. வெப்பமும் அழுத்தமும் குறையும்போது பேரியம் சல்பேற்றுடன் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் கல்லாய்ப் படிகிறது. அப்படிவில் ஹான் கண்ட ரேடியோதோரியமும் நாளடைவில் விளைகிறது.

செய்தி 1904-இலேயே அச்சேறியது. ஆயினும் 1980-களில் வட கடல் மேடைகளிலும் அமெரிக்காவின் மிசிசிப்பியிலும் படிவுகள் அளக்கப்பட்ட பின்னரே அரசுகள் விழித்தன. அதற்கிடையில் எத்தனை தொழிலாளர் அக்குழாய்களைச் சுரண்டியிருப்பர்!

அளப்பது அரிய வித்தையன்று. படிவின் மாதிரியைக் காற்றுப் புகாமல் மூன்று நான்கு வாரம் அடைத்து வைத்தால், உள்ளே பிறக்கும் றேடன் வாயுவும் அதன் வழிப்பொருள்களும் ரேடியத்தோடு சமநிலை எய்தும். பின்னர் ஈயக் கவசத்துள் வைத்துக் காமாக் கதிர்களை எண்ணலாம். ஆனால் குழாயின் வெளியே கருவியை நீட்டி அளப்பது மட்டும் போதாது. அல்பாக் கதிர்களை இரும்பு தடுத்துவிடும். சுரண்டும்போது எழும் தூசியோ தொழிலாளியின் நுரையீரலுக்குள் நேரே செல்லும். ரேடியம்-226 பாதியாகக் குறைவதற்கே 1600 ஆண்டுகள் வேண்டும். "இது இயற்கையானது" என்று கைகழுவுவோருக்கு நாம் சொல்வது ஒன்றே: பாறைக்குள் கிடந்தவரை அது இயற்கை, இலாபத்துக்காக மேலே கொணர்ந்து குவித்த பின் அது கொணர்ந்தவரின் பொறுப்பு.

2011-இல் மன்னார்க் கடற்படுகையில் துளையிட்டபோது இயற்கை வாயு தென்பட்டது. நாளை அது எடுக்கப்படுமாயின், கழிவை அளப்பவர் யார்? அளவை யாரிடம் அறிவிப்பார்? தோட்டத்து மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. நாள் முழுதும் கிள்ளிய கொழுந்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்துவிட்டு, அரைப்பேர் போடும் தராசை அவர்கள் அறிவர். தராசின் முள்ளைத் தொழிலாளியும் பார்க்க வேண்டும். கதிரை அளக்கும் கருவிக்கும் நாம் கேட்பது அந்த உரிமையைத்தான்.