அணியை மீளக் கட்டும்போது காசை எங்கே போடுவது? ரொறன்ரோ ஹொக்கி அணியின் பாடமும் கதிரவெளி மைதானமும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால், வாகரையைத் தாண்டி வெருகலாற்றுக்கு முன்பாக வருவது கதிரவெளி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்தது. 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2007 ஜனவரியில் வாகரைப் பகுதி இராணுவத்தின் கைக்குப் போனது. வெளியேறிய மக்கள் அதே ஆண்டில் படிப்படியாக ஊர் திரும்பினார்கள்.

இப்படி மீண்ட ஊர்களில் வீடு, தோணி, வயல் ஆகியவற்றுக்கு அடுத்ததாக எழும்புவது விளையாட்டுக் கழகம். எழும்பிய சில வருடங்களுக்குள் எந்தக் கழகத்திலும் ஒரு வாக்குவாதம் வந்துவிடும். வெளிநாட்டில் உள்ள உறவுகள் கொஞ்சம் காசு அனுப்புகிறார்கள். அதைக்கொண்டு வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரர் நாலு பேரை இறக்கி இந்த வருடக் கிண்ணத்தை அடிப்பதா, அல்லது ஊர்ப் பிள்ளைகளுக்குச் செலவழித்து நாலு வருடம் பொறுப்பதா?

இந்தக் கேள்விக்குப் பணம் கொழிக்கும் தொழில்முறை விளையாட்டில் நீண்ட அனுபவம் இருக்கிறது. அதை மிகத் தெளிவாகக் காட்டுவது வட அமெரிக்காவின் பனிக்கட்டி ஹொக்கி. நம் ஊர்ப் பாடசாலைகளில் புல்தரையில் ஆடும் ஹொக்கி வேறு. இது பனித்தளத்தில் சறுக்குக் காலணியுடன் ஆடப்படுவது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவின் அணியான மேப்பிள் லீவ்ஸ், அணியை மீளக் கட்டுவதில் செய்யக்கூடிய பிழையையும் சரியையும் ஒரே பத்தாண்டுக்குள் செய்து காட்டியது.

சுயாதீன வீரர் என்பவர் யார்?

தேசிய ஹொக்கி லீக்கில் ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்ததும், அவர் விரும்பிய அணியுடன் பேரம் பேசக்கூடிய நிலைக்கு வந்தால் அவரைப் 'பிறீ ஏஜென்ட்', அதாவது சுயாதீன வீரர் என்பார்கள். இளம் வீரர்களுக்கு இந்த உரிமை முழுமையாகக் கிடைப்பதில்லை. பொதுவாக 27 வயதை எட்டியிருக்க வேண்டும், அல்லது லீக்கில் 7 பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். அதற்கு முன்னர் ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய அணிக்கே முன்னுரிமை. வேறு அணி அவரை எடுத்தால் பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டிவரும். வழக்கமாக ஜூலை 1 அன்று இந்தச் சந்தை திறக்கும்.

இந்த விதியின் விளைவைக் கவனியுங்கள். பெரும்பாலான வீரர்களின் சிறந்த ஆண்டுகள் இருபதுகளின் நடுப்பகுதியில் அமைகின்றன. முப்பதைத் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கும். ஆகவே சந்தைக்கு வரும் பெரும்பாலானவர்கள் உச்சத்தைத் தொட்டவர்கள் அல்லது தாண்டப்போகிறவர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் விலை கடந்தகாலத் திறமைக்கான விலை. அவர்கள் ஆடித்தரப்போவதோ எதிர்காலத்தில்.

உச்சவரம்பும் அடிவரம்பும்

2004-05 பருவம் சம்பளப் பிணக்கால் முழுதாகவே கைவிடப்பட்டது. அதன்பின் லீக்கில் சம்பள உச்சவரம்பு வந்தது. 2005-06இல் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய ஆகக்கூடிய தொகை 39 மில்லியன் டொலர். 2025-26இல் அது 95.5 மில்லியன். எவ்வளவு செல்வந்த உரிமையாளராக இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அதனால் பிழையாகக் கொடுத்த ஒவ்வொரு டொலரும் நல்ல வீரர் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

அதேபோல அடிவரம்பும் உண்டு, 2025-26இல் 70.6 மில்லியன். மீளக் கட்டும் அணி செலவே செய்யாமல் காசைப் பொத்தி வைத்திருக்கவும் வழியில்லை. ஏதோ ஒன்றில் செலவிட்டே ஆகவேண்டும். எதில் என்பதுதான் கேள்வி.

பிழையான ஒப்பந்தத்தை இடையில் முறிக்கலாம். ஆனால் 26 வயதும் அதற்கு மேலுமானவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கவேண்டும். அது எஞ்சிய வருடங்களின் இரு மடங்கு காலத்துக்கு அணியின் கணக்கில் கிடந்து உறுத்தும்.

பிழை: 2013இன் ஏழு வருட ஒப்பந்தம்

2013 ஜூலையில் ரொறன்ரோ, டேவிட் கிளார்க்சன் என்ற முன்கள வீரரை 7 வருடங்களுக்கு 36.75 மில்லியன் டொலருக்கு எடுத்தது. அவருக்கு வயது 29. ரொறன்ரோவிலேயே வளர்ந்தவர், முரட்டுத்தனமாக ஆடுவார், 2011-12இல் நியூ ஜேர்சி அணிக்கு 30 கோல்கள் அடித்தவர். ஊர்ப்பிள்ளை வீடு திரும்புகிறான் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

முதல் பருவத்தில் அவர் 60 ஆட்டங்களில் அடித்தது 5 கோல்கள். 2015 பெப்ரவரியில் அவரைக் கொலம்பஸ் அணிக்குக் கொடுத்து, பதிலாக நேதன் ஹோர்ட்டனை வாங்கினார்கள். ஹோர்ட்டன் முதுகு உபாதையால் இனி ஆடவே முடியாத நிலையில் இருந்தவர். ஆடமுடியாத ஒருவரை எடுத்தாவது அந்த ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்கவேண்டும் என்ற நிலைக்கு அணி வந்திருந்தது.

கிளார்க்சன் மோசமான ஆட்டக்காரர் அல்ல. ஒரு நல்ல பருவத்தை வைத்து ஏழு வருடத்தை விலை பேசியதே பிழை. அந்த அணிக்கு அப்போது தேவைப்பட்டது அடித்தளம். அவர்கள் வாங்கியதோ கூரை ஓடு.

சரி: ஒரே வீரரை இருமுறை எடுத்து இருமுறை கைமாற்றியது

2014இல் பிரெண்டன் ஷனஹன் அணியின் தலைவரானார். அடுத்த வருடம் முழு மீள்கட்டுமானம் தொடங்கியது. நட்சத்திர வீரர் பில் கெசல் 2015 ஜூலை 1 அன்று பிட்ஸ்பேர்க்குக்கும், தலைவர் டியோன் பனூவ் 2016 பெப்ரவரியில் ஒட்டாவாவுக்கும் கொடுக்கப்பட்டனர்.

சுயாதீன வீரர்களை எடுப்பதை மட்டும் அணி நிறுத்தவில்லை. எடுக்கும் முறை மாறியது. சிறந்த உதாரணம் டானியல் வினிக். பெரிய பெயர் இல்லாத, ஆனால் எந்த அணிக்கும் பயன்படும் உழைப்பாளி. 2014 கோடையில் ஒரு வருடத்துக்கு 1.3 மில்லியன் டொலருக்கு ரொறன்ரோ அவரை எடுத்தது. 2015 பெப்ரவரியில், கிண்ணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பிட்ஸ்பேர்க்குக்கு அவரைக் கொடுத்து, இரண்டாம் சுற்று மற்றும் நான்காம் சுற்றுப் புதுமுகத் தெரிவு உரிமைகளையும் இன்னொரு வீரரையும் பெற்றது. அந்த ஜூலையிலேயே அதே வினிக்கை மீண்டும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. 2016 பெப்ரவரியில் வாஷிங்டனுக்குக் கொடுத்து மறுபடியும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவையும், கொனர் கரிக் என்ற இளம் பின்கள வீரரையும் பெற்றது. அந்தக் கைமாற்றலில் வாஷிங்டனுக்குச் சுமையாக இருந்த புரூக்ஸ் லைச்சின் பெரிய சம்பளத்தையும் ரொறன்ரோ ஏற்றுக்கொண்டது. தன்னிடமிருந்த சம்பள இடத்தைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்கிய கணக்கு அது.

2015-16இல் அணி 69 புள்ளிகளுடன் லீக்கிலேயே கடைசியாக வந்தது. 2016இல் முதலாவது தெரிவாக ஓஸ்டன் மத்தியூஸ் கிடைத்தார். 2014இல் தெரிவான வில்லியம் நைலாண்டர், 2015இல் தெரிவான மிச் மார்னர் ஆகியோருடன் அவர் சேர, 2016-17இலேயே அணி பிளேஓஃப் சுற்றுக்குப் போனது.

அவசரப்பட்டால் அதன் விலை

கதை அங்கே சுபமாக முடியவில்லை. 2018 ஜூலை 1 அன்று ஜோன் டவாரஸை 7 வருடங்களுக்கு 77 மில்லியன் டொலருக்கு ரொறன்ரோ எடுத்தது. அணி அப்போது வளர்ந்துவிட்டிருந்தது. அவரும் தரமான வீரர். ஆனால் தன் சொந்த இளம் வீரர்கள் மூவரின் பெரிய ஒப்பந்தங்கள் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. வெளியாளுக்கு வருடம் 11 மில்லியன் என்றானபின், வீட்டுப் பிள்ளைகளும் அந்த அளவிலேயே கேட்டார்கள். 2019-20இல் நான்கு முன்கள வீரர்களுக்கு மட்டும் மொத்த உச்சவரம்பான 81.5 மில்லியனில் ஏறத்தாழப் பாதி போனது. அதற்குப் பின் பெருந்தொற்று வந்து உச்சவரம்பும் உயராமல் நின்றது. மற்ற இடங்களை மலிவாக நிரப்பவேண்டியதாயிற்று. 2023இல்தான் 2004க்குப் பிறகு முதன்முறையாக ஒரு பிளேஓஃப் சுற்றை அந்த அணி வென்றது. 2025இல் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். ஸ்டான்லி கிண்ணம் 1967க்குப் பின் ரொறன்ரோவுக்குத் திரும்பவில்லை.

செலவின் ஒழுங்கு

இந்த அனுபவத்திலிருந்து, மீளக் கட்டும் அணி ஒன்றின் செலவுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது.

முதலாவது, சொந்த இளம் வீரர்களைத் தக்கவைப்பதற்கான காசை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்தான்.

இரண்டாவது, வெளியிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருட ஒப்பந்தம் போதும். காலத்தைக் குறைக்கச் சம்பளத்தைச் சற்றுக் கூட்டிக் கொடுப்பதில் நட்டமில்லை.

மூன்றாவது, வெளியாள் இளையவர்களின் இடத்தைப் பிடிக்கக்கூடாது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பழக்குபவராக இருக்கவேண்டும்.

நான்காவது, பெரிய வீரருக்கான பெரிய காசு, அடித்தளம் நின்ற பிறகு, ஒரேயொரு குறையை நிரப்புவதற்காகச் செலவிடப்பட வேண்டும்.

நம்மிடையே நடந்தவை

இதற்கு நம் மண்ணிலும் உதாரணங்கள் உண்டு. 2020இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணி இறங்கியது. திசர பெரேரா தலைவர்; வனிந்து ஹசரங்க, சொயிப் மலிக் போன்றவர்கள் அணியின் பலம். அந்த வருடக் கிண்ணத்தை அவர்கள் வென்றார்கள். அதே அணி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கும் ஓர் இடம் கொடுத்தது. நட்சத்திரங்களுக்கு நடுவில் பந்துவீசிப் பழகிய அந்தப் பிள்ளை, 2024இல் இந்தியன் பிரிமியர் லீக்கில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். கிண்ணத்தை வென்றவர்களில் பலர் அடுத்த ஒப்பந்தத்தோடு வேறிடம் போனார்கள். வியாஸ்காந்த் திறந்த வழி வடக்குப் பிள்ளைகளிடம் மிஞ்சியிருக்கிறது.

மட்டக்களப்பில் இதைவிடப் பழைய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசுசபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். மட்டக்களப்பு நகர மைதானம் இன்றும் அவர் பெயரில் வெபர் மைதானமாக நிற்கிறது. வெளியாள் ஒருவர் ஓர் ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் கோல் அடித்துக் கொடுப்பது அல்ல, அடிக்கப் பழக்கிவிடுவது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கதிரவெளியில் இதன் பொருள்

கிராமக் கழகத்துக்குச் சம்பள உச்சவரம்பை எந்த லீக்கும் விதிப்பதில்லை. வறுமையே விதித்துவிடுகிறது. ஒரு கழகத்தின் கையில் வருடத்துக்கு ஓர் இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுப்போட்டிக்கு நாலு வெளியூர் ஆட்டக்காரரை அழைத்தால் கைக்காசு, போக்குவரத்து, சாப்பாடு என்று அதில் பெரும்பங்கு இரண்டு கிழமையில் கரைந்துவிடும். கிண்ணம் கழக அலுமாரிக்குள் ஏறும். ஆனால் அந்த இறுதியாட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஊர்ப் பொடியன்கள் நாலு பேர் அடுத்த வருடம் மைதானத்துக்கு வருவார்களா என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. பதினெட்டு வயதில் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைக்கு, ஊரில் நிற்பதற்கு ஒரு காரணம் குறைந்துபோகும்.

அதே காசைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பங்கில் பத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் பந்தும் வாங்கலாம். ஒரு பங்கை மாவட்டத் தெரிவுப் போட்டிகளுக்கு அவர்களை மட்டக்களப்பு நகருக்குக் கூட்டிப்போகும் பஸ் செலவுக்கு வைக்கலாம். மீதியில் வெளியூரிலிருந்து ஒருவரை, ஒரேயொருவரை எடுக்கலாம். பருவம் முழுவதும் கிழமைக்கு இரண்டு நாள் வந்து பழக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் இறுதியாட்டத்தில் ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி.

இதில் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ காசு அனுப்புபவர், கிண்ணத்தோடு எடுத்த படத்தை எதிர்பார்த்தால் கழகம் கிண்ணத்தைத்தான் வாங்கும். 'இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள், போன வருடத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள்' என்று கேட்டால் கழகத்தின் செலவும் அதற்கேற்ப மாறும். ஒரு வருடக் காசை ஒரேயடியாக அனுப்புவதைவிட, மூன்று வருடத்துக்குச் சிறிது சிறிதாக அனுப்புவதாக வாக்குக் கொடுப்பது கழகத்துக்குத் திட்டமிட இடம் தரும்.

முதல் இரண்டு வருடம் தோல்விகள் வரும். கூட்டங்களில் ஏச்சும் விழும். ரொறன்ரோவும் கடைசியாக வந்த பின்னர்தான் மேலே வந்தது. கதிரவெளியில் 2006இல் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று இருபது வயதை ஒட்டியவர்கள். மைதானத்தில் நிற்கும் அணி அவர்களுடையது. அவர்களுக்குப் பின்னால் வரும் பத்து வயதுக்காரருக்கு அந்த மைதானத்தில் இடம் இருக்குமா என்பதைக் கழகத்தின் அடுத்த வரவுசெலவுக் கூட்டம் தீர்மானிக்கப்போகிறது.