தேகப்பயிற்சி கல்வியான வரலாறு

நம் சமூகத்துப் பெற்றோர் தம் மக்களைப் பதினோராம் வகுப்பிற் சேர்க்குங் காலத்துக் கணிதம், விஞ்ஞானம், வணிகம் ஆகிய இவற்றையே பாடமென மதிக்கின்றனர். உடற்கல்வியையும் ஒரு பாடமாக எடுத்துப் படிக்க விரும்புவதாகப் பிள்ளை வாய்திறப்பின், விளையாட்டுக்கும் ஒரு பாடமா என்று நகைத்து விடுகின்றனர். இந்நகைப்பு எங்கிருந்து வந்தது?

ஆங்கில ஆட்சிக் காலத்து நம் பாடசாலைகளில் தேகப்பயிற்சி, டிரில் என்னும் பெயரானே வழங்கிற்று. அதனைக் கற்பித்தாருட் பலர் பட்டாளத்தினின்று ஓய்வு பெற்ற சிப்பாய்கள். தாம் அணிவகுப்பிற் பழகியதையே பிள்ளைகளுக்கும் பழக்கினர். அதற்குமேல் அவர்பால் எதிர்பார்த்தாரும் இலர். தமிழ்ப் பண்டிதரும் டிரில் வாத்தியாரும் அக்காலத்துச் சம்பளப் பட்டியலின் அடியிற் கிடந்தவர்களாதலின், இவ்விடத்து அடியேனுக்குப் பரிவு சிறிது மிகுதல் இயல்பே.

நிற்க. ஐரோப்பாவில் இவ்வித்தை வேறொரு நெறியிற் சென்றது. ஸ்வீடன் தேசத்து லிங் என்னும் வாட்பயிற்சி ஆசிரியர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு பயிற்சி நிலையம் நிறுவி, எலும்பு தசைகளின் அமைப்பையும் அவற்றின் தொழிலையும் கூறும் நூல்களைத் தேகப்பயிற்சிக்கு அடிப்படையாக்கினார். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. கலாசாலையும் ஆசிரியர்களை முறையாகப் பயிற்றிற்று. 1891-ல் நெய்ஸ்மித் என்பார் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தது அங்கேதான்.

அக்கலாசாலையிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1919-ல் சென்னை வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் விளங்கும் உடற்கல்விக் கல்லூரி அதன் வளர்ச்சியே. அங்கே சேர்ந்தார் ஆடுகளத்தில் ஓடியதோடு அமையவில்லை. உடலமைப்பு நூல், உடலியல், சுகாதாரம், கற்பிக்கும் முறை ஆகியவற்றையும் புத்தகங் கொண்டு கற்றனர். கட்டளை கூறுவார் இருந்த இடத்தில் காரணங் கூறுவார் வந்தனர். 1924-ல் பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுவை நடத்திச் சென்றவரும் பக் அவர்களே. 1943-ல் மறைந்த இவ்வந்நிய தேசத்தாரின் பெயரை நம்முள் அறிந்தார் எத்துணையர்? சென்னையில் வீதிதோறும் ஒருவர் பெயருண்டு. இவரையோ விளையாட்டுத் துறையார் மட்டுமே நினைக்கின்றனர்.

சென்னைப் பள்ளி தவழ்ந்த அக்காலத்தே மேனாட்டு ஆய்வுக்கூடங்களிலும் இத்துறை வளர்ந்து வந்தது. தசையில் வெப்பம் பிறக்கும் வகையை ஆராய்ந்த ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேயர், ஜெர்மானியரான மேயர்ஹாஃப் என்பாருடன் 1922-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். ஹில் தாமே ஓட்டக்காரர். விரைந்தோடியவன் நின்ற பின்னும் நெடுநேரம் மூச்சிரைப்பதேன் என்பது அவர் எழுப்பிய வினா. ஓடுங்கால் பட்ட பிராணவாயுக் கடனை உடல் பின்னர்த் தீர்க்கின்றது என்றார் அவர். இக்கருத்து பிற்காலத்துத் திருத்தமுற்றதாயினும், வினா எழுந்ததே பெரிது. நம் சிலம்ப ஆசான்மார் மூச்சடக்கத்தையும் கால்வைப்பையும் நுட்பமாக அறிந்திருந்தனர். ஆயின் அவ்வறிவு ஆசானோடு மறைந்ததே மிகுதி.

இனி இக்காலத்துப் பாடத்திற்கு வருவோம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் உடற்கல்வியை விருப்பப் பாடமாக வைத்துளது. எழுத்துத் தேர்விற்கு 70, செய்முறைக்கு 30 என மதிப்பெண் வகுத்துளது. உடலியல், உளவியல், உணவு, யோகம், உடற்றிறன் அளவை ஆகியன அதில் உள. நியூட்டன் விதிகளும் உள. குண்டெறிவோன் 45 பாகைக் கோணத்தில் எறிந்தால் குண்டு மிகத் தொலைவு செல்லும் என்று பலர் எண்ணுவர். குண்டு தரைமட்டத்தினின்று புறப்படாமல் அவன் தோளுயரத்தினின்று புறப்படுதலின், அதனினும் தாழ்ந்த கோணமே நன்று. இதனை விளக்க வல்ல மாணவன் பௌதிகத்திற்கு அஞ்சான்.

மேற்படிப்பிற்கும் வழியுண்டு. 1957-ல் குவாலியரில் இலட்சுமிபாய் கல்லூரி எழுந்தது. தமிழ்நாட்டிலோ 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உடற்கல்விக்கும் விளையாட்டிற்குமென ஒரு பல்கலைக்கழகமே அமைந்தது.

நம் சங்கத்துக் கல்வி நிதி விண்ணப்பத்தாளிலோ மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பயிற்சி என்னும் நான்கு பிரிவுகளே அச்சிடப்பட்டுள. ஐந்தாவதாக உடற்கல்வியைச் சேர்க்குமாறு வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரக் கருதியுள்ளேன். வழிமொழிய விரும்பும் அங்கத்தினர் கூட்டத்திற்கு முன்னரே காரியதரிசியாரிடம் தம் பெயரைப் பதிவு செய்க.